கணிப்பொறிச் சதுரங்கமும் தொடக்க நூல்களும்

சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்து முதற்காயை நகர்த்துகின்ற ஒருவன், தன் அறிவைக்கொண்டு தானே ஆடுவதாகக் கருதுகின்றான். ஆயின் அவன் கை நகர்த்தும் அந்தக் காலாள், அவனுக்கு முன் ஐந்நூறு ஆண்டுக்காலம் ஆடி மறைந்தோர் கண்டு தேர்ந்து ஏட்டில் எழுதிவைத்த வழியிலேயே செல்கின்றது. பத்துப் பதினைந்து நகர்வுகள் கடந்து, ஏட்டில் எழுதப்படாத ஓர் இடத்தை அவன் அடையும்போதுதான் ஆட்டம் உண்மையில் அவனுடையதாகின்றது.

இவ்வுண்மை, மனிதன் படைத்த கணிப்பொறிக்கும் நெடுங்காலம் பொருந்தி வந்தது என்பது வியப்பிற்குரியது. ஒரு நொடியில் இருபது கோடி நிலைகளை ஆராயவல்ல பொறிக்கும் முன்னோர் தொகுத்த ஏடொன்று தேவைப்பட்டது. அவ்வேட்டினையே 'தொடக்க நூல்' என்று வழங்குகின்றனர். அந்நூல் தோன்றிய வரலாற்றையும், அதனால் விளைந்த வெற்றி தோல்விகளையும், அண்மைக் காலத்தில் அது உட்பட்ட பெருஞ்சோதனையையும் இக்கட்டுரையில் காணப் புகுகின்றோம். மனப்பாடத்திற்கும் அறிவிற்கும் உள்ள உறவு யாது என்னும் பழைய வினாவிற்கு இவ்வரலாறு ஒரு விடை தருகின்றது என்பது நம் கருத்து.

தொடக்கத்தின் கடுமை

சதுரங்கத்தில் ஆட்டம் தொடங்கும் நிலையில் வெள்ளைக் காயுடையார்க்கு இருபது நகர்வுகள் உள்ளன. எட்டுக் காலாட்களும் ஒரு கட்டமோ இரு கட்டமோ செல்லலாம். இரு குதிரைகளும் தத்தம் இடத்தினின்று இவ்விரண்டு வழிகளில் பாயலாம். கறுப்புக் காயுடையார்க்கும் அவ்வாறே இருபது. ஆகவே, ஆளுக்கு ஒரு முறை நகர்த்திய அளவிலேயே 400 வகை ஆட்டங்கள் தோன்றிவிடுகின்றன. ஆளுக்கு இரு முறை நகர்த்தினால் அவ்வெண்ணிக்கை 1,97,281 ஆகின்றது. இங்ஙனம் பெருகும் தொகை எங்குப் போய் நிற்கும் எனக் கணக்கிட்ட அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன், ஏறத்தாழ நாற்பது நகர்வுகள் கொண்ட ஆட்டங்களின் எண்ணிக்கை ஒன்றை அடுத்து 120 சுழியங்கள் இட்ட எண்ணாகும் எனக் காட்டினார். அத்தனையையும் ஆராய்ந்து முடிக்க எப்பொறிக்கும் காலம் போதாது.

எனவே பொறியானது சில நகர்வுகள் வரை முன்னோக்கிப் பார்த்து, அங்குக் காணும் நிலையைக் காய்களின் மதிப்பாலும் பிற குறிகளாலும் எடைபோட்டு, நல்லதெனத் தோன்றுவதைத் தெரிந்தெடுக்கின்றது. ஆட்டத்தின் நடுவில், காய்கள் ஒன்றையொன்று வெட்டும் நெருக்கத்தில், இம்முறை நன்கு பயன் தரும். தொடக்கத்திலோ நிலை வேறு. அங்கு ஒரு காலாளைத் தவறாக முன்தள்ளினால் அதன் தீமை அடுத்த நான்கு நகர்வுகளில் தெரிவதில்லை. இருபது நகர்வுகள் கழித்து, அரசனைக் காக்க ஆளில்லாத வேளையில் தெரியும். பொறியின் பார்வை அத்துணைத் தொலைவு எட்டாது. விதைக்கும்போதே விளைச்சலை அறிய வேண்டிய இடம் அது. உழவன் அதனைத் தன் பாட்டன் வாய்மொழியால் அறிகின்றான். பொறிக்குப் பாட்டன் இல்லை. அக்குறையை நிறைக்க வந்ததே தொடக்க நூல்.

மாந்தர் எழுதிய நூல்கள்

பொறியின் நூலைக் காணுமுன் மாந்தர் நூலைக் காண்பது முறை. இந்நாட்டில் தோன்றிய சதுரங்கம் பாரசீகம் வழியே அரபு நாடுகளை அடைந்து 'ஷத்ரஞ்சு' எனப் பெயர் பெற்றது. அக்கால ஆட்டத்தில் காய்களின் வேகம் குறைவு. ஆதலின் இரு படைகளும் மோதுமுன் ஒவ்வொருவரும் தம் காய்களை ஓர் ஒழுங்கில் நிறுத்திக்கொள்ள இடமிருந்தது. அவ்வொழுங்குகளைத் 'தபியா' என்று பெயரிட்டுத் தொகுத்தனர். ஒன்பதாம் நூற்றாண்டினரான அல்-அத்லியும், அவர்க்குப்பின் பக்தாதின் அப்பாசியர் அவையில் புகழ்பெற்ற அஸ்-ஸூலியும் இவற்றைப் பற்றி எழுதினர். தொடக்க நூல்களின் முதல் வித்து இதுவே எனலாம்.

ஐரோப்பாவில் அரசியும் அமைச்சரும் நெடுந்தொலைவு பாயும் புதிய விதிகள் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றின. போர் விரைந்தது, தொடக்கத்தில் செய்யும் பிழைக்குத் தண்டனையும் விரைந்தது. 1497-இல் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் லூசேனா என்பாரின் நூல் அச்சேறியது. 1561-இல் ரூய் லோப்பஸ் என்னும் பாதிரியாரின் நூல் வெளிவந்தது. அவர் பெயர் தாங்கிய தொடக்கம் இன்றும் உலகெங்கும் ஆடப்பெறுகின்றது. 1843-இல் ஜெர்மானியரான பில்கரின் பெயரால் ஒரு பெருங்கையேடு வெளியாயிற்று. அதைத் தொடங்கிய பில்கர் 1840-இலேயே மறைந்தார். அவர் நண்பர் வான் டெர் லாசா அதனை முடித்து வெளியிட்டார். ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்வது நூல் மரபின் இயல்பன்றோ!

இவ்வாறு பெருகிய செல்வத்தையெல்லாம் ஒருங்கு திரட்டிய பெருமை யுகோஸ்லாவிய நாட்டுப் பெல்கிரேடு நகருக்கு உரியது. அங்கு 1974 முதல் வெளிவந்த சதுரங்கத் தொடக்கக் களஞ்சியம், எல்லாத் தொடக்கங்களையும் ஐந்து தொகுதிகளாகவும் 500 பிரிவுகளாகவும் வகுத்துக் காட்டியது. சொற்களால் விளக்காது குறியீடுகளாலேயே எழுதப்பெற்றமையின் எம்மொழியினரும் அதனைப் பயில முடிந்தது. இக்களஞ்சியம் மனிதனுக்காக எழுதப்பெற்றது. ஆயின் அதனை முழுதுமாகப் படித்து முடித்த முதல் மாணாக்கர்களுள் ஒன்று ஒரு பொறி என்பதைப் பின்னர்க் காண்போம்.

பொறிக்கு நூல் வேண்டும் என்ற எண்ணம்

பொறிக்குச் சதுரங்கம் கற்பிப்பது பற்றிய முதற் பெருங்கட்டுரையை ஷானன் 1950-இல் வெளியிட்டார். அதிலேயே, பெயர்பெற்ற தொடக்கங்களைப் பொறியின் மெதுவான நினைவகத்தில் சேமித்து வைக்கலாம் என்றும், எதிராளி அவ்வழியினின்று விலகும் வரை பொறி நினைவைக்கொண்டே ஆடலாம் என்றும் அவர் குறித்துள்ளார். சதுரங்கப் பொறி ஒன்றுகூட முறையாக இயங்காத நாளில் அதற்குரிய நூலைப் பற்றிச் சிந்தித்தமை அவருடைய தொலைநோக்கிற்குச் சான்று.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆலன் தியூரிங் என்பார், சாம்பர்நவுன் என்னும் நண்பருடன் சேர்ந்து ஒரு சதுரங்க முறையை வகுத்தார். அதனை இயக்கப் பொறி கிட்டாமையால், 1952-இல் தாமே பொறியாக இருந்து, தாளில் கணக்கிட்டு, அலிக் கிளென்னி என்பாருடன் ஓர் ஆட்டம் ஆடினார். ஒவ்வொரு நகர்வுக்கும் அரைமணி நேரம் அளவில் ஆயிற்று. 29 நகர்வுகளில் அம்முறை தோற்றது. அதற்குத் தொடக்க நூல் ஏதும் இல்லை. கற்றறியாத ஒருவன் அவைக்கு வந்தாற்போல, ஒவ்வோர் அடியையும் அது புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நூலோடு பொதுப்போட்டிக்கு வந்த பொறிகளுள் முதலிற் குறிக்கத்தக்கது, மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு கிரீன்பிளாட் 1966-67-இல் இயற்றிய 'மாக் ஹாக்' என்னும் நிரலாகும். மாந்தரோடு போட்டி விதிகளின்படி ஆடிய முதல் நிரல் இதுவே. அதன் தொடக்க நூலைத் தொகுப்பதில் அக்கழகத்து மாணவரான லாரி காஃப்மன் பங்கு கொண்டார். அன்று தொட்டுப் பொறிச் சதுரங்கத்தில் இருவகைத் தொழிலாளர் தோன்றினர்: பொறிக்குச் சிந்திக்கக் கற்பிப்போர் ஒருவகை, அதற்கு நூல் எழுதிக் கொடுப்போர் மற்றொரு வகை. பின்னாளில் ஜெரோன் நூமன், அலெக்சாண்டர் கூரே போன்றோர் நூலாசிரியராகவே இத்துறையில் பெயர் பெற்றனர்.

ஒரு மனிதரின் உழைப்பு

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கென் தாம்சன், யூனிக்ஸ் என்னும் அமைப்பினை ஆக்கியோருள் ஒருவர் என்று கணிப்பொறி உலகம் அறியும். அவரும் ஜோ காண்டனும் சேர்ந்து 'பெல்லி' என்னும் சதுரங்கப் பொறியைப் படைத்தனர். 1980-இல் ஆஸ்திரியாவின் லின்சு நகரில் நடந்த கணிப்பொறிகளின் உலகப் போட்டியில் அது வாகை சூடியது. 1983-இல் அமெரிக்கச் சதுரங்கத்தில் 'மாஸ்டர்' என்னும் தகுதியை எட்டிய முதற் பொறியும் அதுவே.

அப்பொறிக்கு நூல் எங்ஙனம் வந்தது? தாம்சன் பெல்கிரேடின் களஞ்சியத் தொகுதிகளை விரித்து வைத்துக்கொண்டு, அவற்றிலுள்ள வரிகளை மாலை வேளைகளில் தம் கையாலேயே தட்டச்சிட்டுப் பொறிக்குள் ஏற்றினார். அச்சுப் பக்கத்தைத் தானே படிக்கும் கருவி எளிதில் கிட்டாத காலம் அது. வரிவரியாக, பக்கம் பக்கமாக, ஏறத்தாழ மூன்று இலட்சம் நிலைகள் கொண்ட நூல் அவ்வாறு உருவாயிற்று. பொறியும் வாளாவிருக்கவில்லை, விதிக்கு ஒவ்வாத நகர்வு தட்டச்சாகியிருந்தால் உடனே மறுத்துக் காட்டியது. ஆசான் சொல்ல மாணாக்கன் ஏடெழுதுவதும், மாணாக்கன் படிக்கையில் ஆசான் திருத்துவதும் நம் திண்ணைப் பள்ளிகளில் நிகழ்ந்தவை. இங்கோ எழுதியவரே ஆசான்; திருத்தியது மாணாக்கன்.

ஏடு பெயர்த்தெழுதுவோரின் உழைப்பு உலகில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நம் போன்ற எழுத்தர்க்கு அதன் அருமை தெரியும். உலகை வென்ற பொறியின் பின்னே மாலைதோறும் தட்டச்சுப் பலகைமுன் அமர்ந்த ஒரு மனிதரின் பொறுமை நின்றது என்பதை மறத்தலாகாது.

நூலின் அமைப்பும் பயனும்

தொடக்க நூல் எனில் தாளில் அச்சிட்ட புத்தகம் போன்றது என்று எண்ணற்க. புத்தகம் நகர்வுகளை வரிசையாகக் கூறும். பொறியின் நூலோ நிலைகளை நினைவில் வைக்கும். ஒரே நிலையைப் பல வழிகளில் அடையலாமாதலின், வந்த வழியை நினைவிற் கொள்வதினும் நிற்கும் இடத்தை நினைவிற் கொள்வதே சாலும். இதற்கு உதவியது, ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் என்பார் 1970-இல் எழுதிய ஒரு முறை. எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றால் எந்த எண் என முன்னரே குறித்துக்கொண்டு, அவற்றையெல்லாம் இணைத்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குறி எண் அமைப்பது அம்முறையாகும். பொறி தன் முன்னுள்ள நிலையின் குறி எண்ணை நூலில் தேடும். கிடைத்தால், அங்குப் பரிந்துரைக்கப்பெற்ற நகர்வுகளுள் ஒன்றை அவற்றின் மதிப்பெண்ணுக்கு ஏற்பத் தேர்ந்து ஆடும். கிடைக்காவிடின், நூல் முடிந்தது. இனித் தன் சிந்தனையே துணை.

இதனால் விளையும் பயன் மூன்று. முதலாவது, பொறி தன் பார்வைக்கு எட்டாத பிழைகளினின்றும் காக்கப்படுகின்றது. இரண்டாவது, நூலில் உள்ள நகர்வுகளை ஆடக் காலம் செலவாவதில்லை; போட்டிக் கடிகாரத்தில் மிஞ்சும் நேரம் நடுஆட்டத்தின் நெருக்கடிக்குப் பயன்படும். மூன்றாவது, எதிராளி ஒரு முறை வென்ற வழியிலேயே மறுமுறையும் வெல்லாதபடி, பொறி பல வழிகளை மாற்றி மாற்றி ஆட இயலும்.

நூலால் வந்த கேடு

நன்மை உள்ள இடத்தில் தீமையும் உண்டு. நூலில் ஒரு பிழை இருப்பின், பொறி அப்பிழையைச் சிறிதும் தயக்கமின்றி ஆடிவிடும். ஏனெனில் நூல் கூறும் வரை அது சிந்திப்பதில்லை. எதிரணியினர் பொறியின் நூலை அறிந்துகொண்டால், நூல் முடியும் இடத்திற்குச் சற்று அப்பால் ஒரு கண்ணியை வைத்துக் காத்திருக்கலாம். இங்ஙனம் சமைக்கப்பெற்ற வழிகளால் வலிய பொறிகளும் வீழ்ந்ததுண்டு. தோற்ற வழியை மீண்டும் தேர்ந்தெடாதவாறு நூலின் மதிப்பெண்களைத் தானே குறைத்துக்கொள்ளும் கலையைப் பின்னர்ப் பொறிகளுக்குக் கற்பித்தனர். 1983, 1986 ஆகிய ஆண்டுகளில் உலகப் போட்டியை வென்ற 'கிரே பிளிட்ஸ்' நிரலின் ஆசிரியரான ராபர்ட் ஹையட், தம் அடுத்த நிரலான 'கிராஃப்டி'யில் இக்கலையைக் கையாண்டார்.

இதனினும் நுண்ணிய கேடு ஒன்றுண்டு. பேரறிஞர் ஒருவர் ஒரு காலாளைப் பலி கொடுத்து, அதற்கு ஈடாகப் பின்னர் வரும் தாக்குதலை எண்ணி ஆடிய வழி நூலில் இருக்கும். பொறி அவ்வழியே சென்று காலாளைக் கொடுத்துவிடும். அத்துடன் நூல் முடியும். இப்போது பொறி விழித்தெழுந்து பலகையைப் பார்க்கின்றது: 'ஒரு காலாள் குறைகின்றதே' என்று திகைக்கின்றது. எதற்காகக் கொடுத்தோம் என்பது அதற்குத் தெரியாது. முன்வைத்த காய்களைப் பின்வாங்கி, இழந்ததை மீட்க முயன்று, தாக்குதலையும் இழந்து நிற்கும்.

இக்காட்சி நமக்குப் புதிதன்று. அலுவலகத்தில் ஒரு வினா எழுந்தால் 'முந்தைய கோப்பில் என்ன செய்யப்பட்டது?' என்று தேடுவது வழக்கம். முன்முடிவு கிடைத்தால் அதனைப் பின்பற்றிக் குறிப்பெழுதி மேலே அனுப்பலாம், பிழை நேராது, காலமும் மிச்சம். ஆனால் அம்முடிவு எக்காரணம் பற்றி எடுக்கப்பட்டது என்பதை அறியாதவன், முன்பு நேராத ஒரு வினா வந்தவுடன் திகைத்துப் போவான். முன்முடிவு வழி காட்டும். காரணத்தை அறிந்தவனே அவ்வழி முடிந்த இடத்திற்கு அப்பாலும் நடப்பான். ஆதலின் சிறந்த நூலாசிரியர்கள், பொறியின் இயல்பறிந்து, அதற்கு விளங்கக்கூடிய நிலைகளில் முடியும் வழிகளையே அதன் நூலில் சேர்த்தனர்.

நியூயார்க்கு, 1997

தொடக்க நூலின் ஆற்றலை உலகமெலாம் கண்ட நாள் 1997 மே 11. ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' என்னும் பொறிக்கும், அந்நாளைய உலக வாகையர் காரி காஸ்பரோவுக்கும் நியூயார்க்கில் ஆறு ஆட்டப் போட்டி நடந்தது. முந்தைய ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் அப்பொறியை 4–2 என்ற கணக்கில் அவர் வென்றிருந்தார். மறுபோட்டிக்கு வந்த பொறியோ நொடிக்கு ஏறத்தாழ இருபது கோடி நிலைகளை ஆராயும் வலிமை பெற்றிருந்தது.

அதன் நூல் இரு பகுதிகளால் ஆனது. ஏறத்தாழ 4,000 நிலைகள் கொண்ட முதற்பகுதியைக் கிராண்டுமாஸ்டர் ஜோயல் பெஞ்சமின், பிற கிராண்டுமாஸ்டர்களின் துணையோடு கையால் தேர்ந்து அமைத்தார். இரண்டாம் பகுதி, வல்லோர் ஆடிய 7,00,000 ஆட்டங்களின் சாரம். ஒரு நகர்வை எத்தனை பேர் ஆடினர், அவர் எத்துணை வல்லவர், அதன் விளைவு யாது என்பனவற்றைக் கணக்கிட்டு, அந்நகர்வின்பால் பொறியின் மனத்தைச் சற்றே சாய்க்கும் வகையில் அப்பகுதி அமைந்திருந்தது. சான்றோர் வழக்கை இலக்கணமாகக் கொள்ளும் நம் மரபினை இது நினைவூட்டுகின்றது.

காஸ்பரோவும் இதனை நன்கறிந்தவர். பொறியை அதன் நூலிலிருந்து வெளியேற்றும் நோக்குடன் அவர் அப்போட்டியில் வழக்கமில்லாத தொடக்கங்களை ஆடினார். மூன்றாம் ஆட்டத்தில் அரசியின் முன்னுள்ள காலாளை ஒரே கட்டம் நகர்த்தித் தொடங்கினார். உலக வாகையர் ஒருவரிடம் எவரும் எதிர்பாராத தொடக்கம் அது. முன்னோர் ஏட்டில் பொறியினும் பன்மடங்கு தேர்ந்த அவர், பொறிக்கு அஞ்சித் தம் ஏட்டையும் மூடிவைக்க நேர்ந்தது.

ஐந்து ஆட்டங்கள் முடிவில் இருவரும் 2½ புள்ளிகள் பெற்றுச் சமமாய் நின்றனர். ஆறாம் ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடிய காஸ்பரோவ், 'காரோ–கான்' என்னும் தற்காப்பை மேற்கொண்டார். ஏழாம் நகர்வில், அரசன் புறத்து ஓரக் காலாளை ஒரு கட்டம் முன்தள்ளினார். வரிசை பிறழ்ந்து ஆடினார் என்பாரும் உளர். பொறி தன் காயைப் பலியிடத் துணியாது என்று கணக்கிட்டார் என்பாரும் உளர். பொறியோ தன் குதிரையை அவருடைய அரசன் முன் நின்ற காலாளின்மேல் பாய்ச்சிப் பலி கொடுத்தது. அந்நாளைய பொறிகள் தம் கணக்கால் காண்டற்கரிய பலி அது. கறுப்பரசன் கோட்டை கட்டிக்கொள்ளவும் இயலாது நடுவில் சிக்கினான். 19-ஆம் நகர்வில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். 3½–2½ என்ற கணக்கில் போட்டி பொறியின் வசமாயிற்று.

பலியிடும் அந்நகர்வு பொறி சிந்தித்துக் கண்டதன்று. அதன் நூலில் எழுதப்பட்டிருந்தது. நூலமைப்பில் துணைநின்ற ஸ்பெயின் நாட்டுக் கிராண்டுமாஸ்டர் மிகேல் இல்லெஸ்காஸ், அன்று காலையில்தான் அந்நகர்வை நூலில் சேர்த்ததாகப் பின்னாளில் ஒரு பேட்டியில் கூறினார். மனிதனைப் பொறி வென்ற நாள் என உலகம் கொண்டாடிய அந்நாளில், தீர்ப்பை எழுதிய நகர்வு மாந்தர் கண்டு, மாந்தர் எழுதி, மாந்தர் கொடுத்தது. வென்றது பொறியா, நூலா என்னும் வினா இன்றும் சிந்தனைக்குரியது.

நூலை மூடிவைத்தோர்

இதற்கு ஓராண்டு முன்னரே, 1996-இல், முன்னாள் உலக வாகையர் பாபி ஃபிஷர் ஒரு புதுமுறையை அறிவித்திருந்தார். பின்வரிசைக் காய்களைக் குலுக்கல் முறையில் 960 வகைகளுள் ஒன்றாக நிறுத்தி ஆடுவது அம்முறை. மனப்பாடம் மேலோங்கிப் படைப்பாற்றல் மங்குகின்றது என்பது அவர் கருத்து. பொறிகளுக்கிடையே நடைபெறும் போட்டிகளிலும் நூலின் திறம் பொறியின் திறத்தை மறைக்கின்றது என்று உணர்ந்தோர், நூலைப் பொறியிடமிருந்து பிரித்தனர். 2010-இல் தோன்றிய டி.சி.இ.சி. போட்டியில் தொடக்கங்களை நடத்துவோரே தேர்ந்து கொடுக்கின்றனர். ஒரே தொடக்கத்தை இரு பொறிகளும் வெள்ளையாகவும் கறுப்பாகவும் மாறி ஆட வேண்டும். நூல் அங்குப் படைக்கலம் அன்று; வினாத்தாள்.

இதன் உச்சம் 2017 டிசம்பரில் நிகழ்ந்தது. 'ஆல்ஃபாசீரோ' என்னும் நிரலுக்கு ஆட்ட விதிகளை மட்டுமே கற்பித்தனர். ஒரு நூலும் இல்லை. மாந்தர் ஆடிய ஓர் ஆட்டமும் காட்டப்படவில்லை. தனக்குத்தானே இலட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடி அது கற்றது. பின்னர் அந்நாளில் வலிமை மிக்க 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் நிரலோடு 100 ஆட்டங்கள் ஆடி, 28-இல் வென்று, 72-ஐச் சமன் செய்து, ஒன்றிலும் தோலாது நின்றது. ஸ்டாக்ஃபிஷின் தொடக்க நூல் பறிக்கப்பட்டிருந்தமையின் போட்டி நேரிதன்று எனப் பலர் முறையிட்டனர். ஓராண்டு கழித்து வெளியான விரிவான ஆய்வில் 1,000 ஆட்டங்களில் 155-ஐ வென்று ஆறில் மட்டுமே ஆல்ஃபாசீரோ தோற்றது. எதிராளிக்கு வலிய தொடக்க நூலைக் கொடுத்து ஆடிய தனிப்போட்டியிலும் வெற்றி ஆல்ஃபாசீரோவுக்கே.

அவ்வாறாயின், ஐந்நூறு ஆண்டு நூல் மரபு வீண் என்று கொள்ளலாமா? நாம் அவ்வாறு கருதவில்லை. நூலறியாத அப்பொறி தானே ஆடிப் பழகியபோது, மாந்தர் நன்கறிந்த தொடக்கங்களைத் தானாகவே ஒவ்வொன்றாகக் கண்டெடுத்தது. சிலவற்றைச் சிறிது காலம் ஆடிப் பின்னர்க் கைவிட்டது. இங்கிலாந்துத் தொடக்கம், அரசிப் பலி முதலியவற்றைப் போற்றிக்கொண்டது. எவரும் சொல்லிக்கொடாத ஒருவன் தனிவழியே நடந்து, நம் முன்னோர் ஊர் அமைத்த அதே ஆற்றங்கரையை வந்தடைந்தாற்போன்றது இது. முன்னோர் நூல் பெரும்பாலும் உண்மையே உரைத்தது என்பதற்கு இதனினும் நடுநிலையான சான்று வேண்டுமோ?

ஈண்டு ஒரு வேறுபாட்டையும் குறித்தல் நன்று. பலகையில் ஏழு காய்கள் மட்டுமே எஞ்சும் இறுதி நிலைகளைப் பொறிகள் இன்று முற்றக் கணக்கிட்டுவிட்டன. அங்கு வெற்றி எது, சமன் எது என்பது ஐயத்திற்கு இடமற்ற முடிவு. தொடக்கமோ அத்தகையதன்று. சதுரங்கத்தின் முதல் நகர்வு எது சிறந்தது என்பதை எவரும் மெய்ப்பிக்கவில்லை. முடிவு பற்றிய நூல் கணக்கு. தொடக்கம் பற்றிய நூல் சாட்சியம். சாட்சியத்தை மதிக்க வேண்டும். ஆராயாது ஏற்றலும் கூடாது.

முடிவுரை

இவ்வரலாறு தமிழர்க்குத் தொலைவானதன்று. சென்னையில் சோவியத் பண்பாட்டு நிலையத்துத் தால் சதுரங்கக் கழகத்தில் இளமையில் பயின்ற விசுவநாதன் ஆனந்த், 1988-இல் இந்தியாவின் முதற் கிராண்டுமாஸ்டர் ஆனார். 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் விளாதிமிர் கிராம்னிக்கை 6½–4½ என வென்ற போட்டியில், மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களில் கறுப்புக் காய்களுடன் அவர் பெற்ற வெற்றிகள், பொறிகளின் துணையோடு தம் குழுவினருடன் வீட்டில் ஆயத்தம் செய்த ஒரே தொடக்க வழியில் விளைந்தவை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டாம் அகவையில் உலக வாகையரான குகேஷோ, பயிற்சியின் தொடக்க ஆண்டுகளில் பொறியின் துணையை நாடாது தம் சிந்தனையையே வளர்த்துக்கொண்டார் எனச் செய்திகள் கூறுகின்றன. முதலில் சிந்தனை, பின்னர் நூல் என்னும் ஒழுங்கு அவருடையது. ஒருவர் நூலாற்றலால் உயர்ந்தார், மற்றவர் நூலை விலக்கி உயர்ந்தார் என்று பிரித்தல் தகாது. இருவரிடத்தும் நூல் முடிந்த பின்னும் ஆட்டம் தொடர்ந்தது என்பதே உண்மை.

தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில், குழந்தைகட்குச் செய்யுளும் பாட்டும் வாய்மொழியாகச் சொல்லிக்கொடுக்கின்றோம். விடுமுறை நாட்களில் சங்கத்து வகுப்புகளில் அவர்கள் ஒரு பிழையுமின்றி ஒப்பிப்பதைக் கேட்டு மகிழ்கின்றோம். பொருள் தெரியாத மனப்பாடம் எதற்கு என்று சிலர் எள்ளுவதும் உண்டு. எள்ளுவோர்க்கும் மகிழ்வோர்க்கும் ஒருசேர இப்பொறியின் வரலாறு விடை கூறுகின்றது. மனப்பாடம் வீணன்று, தன் கண்ணுக்கு எட்டாத தொலைவைப் பிறர் கண்ணால் காண அது உதவுகின்றது. ஆயின் அதனோடு நின்றுவிட்டால், நூல் முடிந்த இடத்தில் திகைத்து, கொடுத்தது எதற்கென்று அறியாமல் பின்வாங்கிய பொறியின் நிலையே நம் மக்களுக்கும் நேரும்.

நம் மக்கள் வாழப்போகும் ஊர்களும் காலமும் நம் முன்னோர் ஏட்டில் எழுதப்படாதவை. அவர்கள் நூலுக்கு வெளியே ஆட வேண்டிய நாள் விரைந்து வரும். அந்நாளில், கற்ற வரிகளோடு அவ்வரிகளின் காரணமும் உடனிருந்தால் அவர்கள் திகைக்கமாட்டார்கள். ஏட்டைக் கையில் கொடுக்கும் நாம், அது எழுதப்பட்ட காரணத்தையும் உடன் சொல்லிக்கொடுப்போமாக.